ஆளில்லாத ஊருக்குப் போட்ட கையெழுத்து

கோணேசர் மலை

பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு புள்ளிமான் வந்து என் கையிலிருந்த வாழைப்பழங்களை உரிமையோடு இழுத்துக்கொண்டது. பூசைக்கு வாங்கியவை. தேங்காயும் வெற்றிலையும்தான் மிஞ்சின. பூக்கடை அம்மா சிரித்தார். "அதுகளுக்கும் சாமிக்கும் ஒரே கணக்குத்தான் தம்பி, நீங்க போங்க" என்றார்.

கோட்டைக்குள்ளே ஒரு கோயில், கோயிலைச் சுற்றி ராணுவம், ராணுவத்தைச் சுற்றி மான்கள். திருகோணமலையின் அமைப்பே இப்படித்தான். 1620களில் போர்த்துக்கீசர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லை வைத்தே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. எல்லோருக்கும் வேண்டியிருந்தது மலைக்குப் பின்னால் கிடக்கும் துறைமுகம். பெரிய கப்பல்களும் கரையை ஒட்டி வந்து நிற்கும் ஆழம், காற்றுக்கும் அலைக்கும் மறைவான வளைவு.

இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்கு மேலே, கைப்பிடிச் சுவரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலையில் நடக்க வருபவராம். எந்த ஊர் என்று கேட்டார். சென்னைக்கு வடக்கே எண்ணூர் என்றேன். இலங்கையில் இந்தப் பதிலுக்கு வழக்கமாக ஒரு மரியாதையான தலையசைப்புதான் கிடைக்கும். இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எண்ணூரா? அனல் மின் நிலையங்கள் இருக்கிற இடமெல்லோ? சம்பூர்ப் பிரச்சினை நடந்த நேரம் பேப்பரில படிச்சனான். ஆத்துக்குள்ள சாம்பல் எண்டு."

ஓம் என்றேன், அவர் பாணியிலேயே.

கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், தெற்கே, காலைப் புகாரில் ஒரு கரிய கோடு தெரிந்தது. அவர் கையை நீட்டினார். "அந்தா, அதுதான் சம்பூர்க் கரை. உங்கட ஊர் மாதிரி வரவேண்டிய இடம். தப்பிட்டுது." கொஞ்சம் நிறுத்தி, "தப்பினதோ, இல்லையோ. போய்ப் பாருங்கோ" என்றார்.

போவதற்கென்றே வந்திருந்தேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டால் மாலையில் அதன்மேல் விரலால் பெயர் எழுதலாம். அம்மா அதைத் தட்டிவிட்டு எடுத்துவைப்பாள். சின்ன வயதில், எல்லா ஊரிலும் வடகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாம்பல் வராமல் நின்றுபோன ஒரு ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

சீனன்குடா

ஆட்டோ ஓட்டியவர் கிண்ணியாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நானா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தம்பி என்றார். வழிநெடுக ஒவ்வொன்றையும் சொந்தக் காணியைக் காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டே வந்தார். இது விமானப்படை முகாம். அது பிரிமா மா ஆலை, 1980இல் வந்தது; நாடு தின்னும் பாணின் மாவில் பெரும்பங்கு இங்கேதான் அரைபடுகிறது. அப்பால் சீமெந்து ஆலை. "எங்கட சாச்சா மா ஆலையிலதான் வேலை செஞ்சவர். அந்தச் சம்பளத்தில மூணு குமரைக் கட்டிக் குடுத்தாரு." துறைமுக நகரத்தில் வளர்ந்த மனிதருக்கு ஆலை என்றாலே பயம் வந்துவிடாது என்பதை அங்கேயே குறித்துக்கொண்டேன். வேலை கொடுத்த புகைபோக்கியை யாரும் வைவதில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான் தொடங்கியது.

காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள். ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை; இன்று எஞ்சியிருப்பவை 99. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒன்று எரிந்து உருகியது. அதன் சுருங்கிய இரும்பு இன்னமும் அப்படியே கிடக்கிறதாம். மற்றவை பெரிய பானைகளைக் கவிழ்த்துவைத்ததுபோல மரங்களுக்கு நடுவே நிற்கின்றன, பல துருவேறி, சிலவற்றின் தலையில் கொடி படர்ந்து. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்போது ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களிலேயே இந்தத் தாங்கிகள் வந்துவிட்டன. 2022 ஜனவரியில் பாகப்பிரிவினை முடிந்தது: இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. பெரிய வீட்டுச் சொத்தைப் பிரித்ததுபோல, எண்ணி எண்ணி.

"காடு யாருக்கு?" என்று கேட்டேன்.

"காட்டை யாரும் கேக்கல்ல தம்பி" என்றார் நானா.

கிண்ணியாப் பாலம்

2009இல் திறந்த பாலம். அதற்கு முன்னால் இங்கே ஓடியது 'பாதை'. மிதவையைத்தான் இங்கே பாதை என்கிறார்கள். வாகனத்தை அதில் ஏற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்து அக்கரை போவார்களாம். பிரசவ வலியோடு ஒரு பெண் பாதைக்காகக் காத்துக் கிடந்ததை நானா சொன்னார். சொந்தத் தங்கச்சி. பாலம் வந்த அன்று ஊரே நடந்து அக்கரை போய்த் திரும்பி வந்ததாம், ஒரு வேலையும் இல்லாமல்.

இதையும் சொல்லத்தான் வேண்டும். அபிவிருத்தி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பழக்கம் என்னைப் போன்றவர்களுக்கு வந்துவிட்டது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் பாதையில் காத்துக் கிடந்த பெண்ணின் அண்ணனிடம் அந்தச் சுளிப்பைக் காட்ட முடியாது. இதே கிண்ணியாவில், 2021 நவம்பரில், குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்தபோது மாற்றாக விட்ட மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்தார்கள். அந்தப் பேச்சு வந்ததும் நானா ஆட்டோவின் வேகத்தைக் குறைத்தார். பிறகு மூதூர் வரை அதிகம் பேசவில்லை.

கச்சான் காற்று அடித்தது. அக்கினி நட்சத்திரத்தில் வீசும் நம் மேல்காற்றின் தம்பி. அறுத்த வயல்கள் காய்ந்து வெடித்திருந்தன. பாலத்துக்கு மேல் பாலமாக மகாவலியின் கிளைகள். மலைநாட்டில் பிறந்து, இலங்கையின் மிக நீண்ட ஆறாக 335 கிலோமீட்டர் ஓடி, இந்தக் குடாவில்தான் கலக்கிறது.

மூதூர்

மதியச் சாப்பாடு மூதூர்க் கடையில். சோறு, பாரைமீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் சட்டியிலிருந்து வெட்டி வைத்த எருமைத் தயிர். வெட்டி என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கத்தியால் அல்வாவை எடுப்பதுபோல எடுத்தார்கள். மேலே பாணி ஊற்றினார்கள். எண்ணூரில் நான் தின்றதெல்லாம் மோருக்கு உறவு என்று அப்போதுதான் தெரிந்தது.

ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660இல் இந்தக் கரையில் இறங்கி, கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் தீவுக்குள் கிடந்தான். 'தோணி' என்ற சிறுகதையை எழுதிய வ. அ. இராசரத்தினமும் மூதூர்க்காரர்தான். ஒருவன் இந்தக் கரையிலிருந்து தப்பப் பார்த்தவன், மற்றவர் இந்தக் கரை மனிதர்களைக் கதையில் ஏற்றியவர். சாப்பிட்டபடி இருவரையும் நினைத்துக்கொண்டேன்.

தயிர் எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். பட்டிகளில் இருந்து என்றார். மேய்ச்சல் தரை குறைந்துகொண்டே வருகிறது என்றும், சட்டி விலை ஏறிக்கொண்டே போகிறது என்றும் ஒரே மூச்சில் சொன்னார். சம்பூர்ப் பக்கம் போகிறேன் என்றதும் இன்னொரு கரண்டி வைத்தார். "கரி மின்சாரம் வரக்கூடாதெண்டு நாங்களும் போய் நிண்டம். தமிழாக்கள், முஸ்லிமாக்கள் எல்லாரும். காத்துக்கு அவங்கட பக்கம், எங்கட பக்கம் எண்டு தெரியுமா?" போர்க்காலத்தில் இந்த இரண்டு சனங்களுக்கும் நடுவே நடந்தவை லேசானவை அல்ல. ஒரு புகைபோக்கி, கட்டப்படாமலே, அவர்களைக் கொஞ்ச நாள் ஒரே வெயிலில் நிறுத்தியிருக்கிறது.

சம்பூர்

கட்டைபறிச்சானைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து பனையும் முட்பற்றையும் கூடின. அரசாங்கம் கட்டிக்கொடுத்த சின்ன வீடுகள். எல்லா மரமும் இளமரம். ஊர் பழையது, ஆனால் நிழல் தரும் மரம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த ஊரின் கதை முழுக்க அந்த நிழலின்மையில் இருக்கிறது.

2006 ஏப்ரல் 25 அன்று கொழும்பில் ராணுவத் தளபதியின் மேல் தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றே, புலிகளின் கையிலிருந்த சம்பூர்ப் பக்கம் குண்டு விழுந்தது. சனங்கள் ஓடினார்கள். வெருகலுக்கு, அங்கிருந்து மட்டக்களப்புக்கு. செப்டம்பர் 4 அன்று ராணுவம் ஊரைப் பிடித்தது. டிசம்பரில் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து திருகோணமலையில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் கட்ட உடன்பாடு செய்துகொண்டன. அதற்கென்று ஒதுக்கப்பட்டது சம்பூர். அடுத்த வருடம் மே மாதம் இந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில், நம் பேச்சில் அரசிதழில், வந்தது.

தேதிகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். ஒரு திட்டத்தை எதிர்க்க முதலில் ஊரில் ஆள் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட நாளில் சம்பூரில் ஒரு குடும்பம்கூட இல்லை. அவர்கள் முகாமில் ரேசன் வரிசையில் நின்றார்கள். எங்கள் ஊரில் பொது விசாரணை என்று ஒன்று நடக்கும். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, கடைசியில் பிரியாணிப் பொட்டலம். கேட்பார்கள், கேட்டதுபோல நடப்பார்கள், பிறகு நினைத்ததைச் செய்வார்கள். அதைக் கேலிக்கூத்து என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். சம்பூருக்கு அந்தக் கூத்துக்கூட வாய்க்கவில்லை.

பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் ஒரு பெரியவர் வேலிக்கு முள்ளு வெட்டிக்கொண்டிருந்தார். ஐயா என்று கூப்பிட்டதும் கத்தியைக் கீழே வைத்தார். வீட்டுக்குக் கூட்டிப்போனார். மகள், நாற்பதுக்கு மேல், பிளேன்டீ போட்டுக் கொடுத்தார், கூடவே ஒரு துண்டுப் பனங்கட்டி.

"கிளிவெட்டி முகாமில இருந்தம். பட்டித்திடலில இருந்தம். அங்க இருக்கேக்க ஒரு ஐயா வந்து சொன்னார், உங்கட காணிக்குப் பதிலா வேற இடத்தில காணி தாறம், போங்கோ எண்டு. நாங்க மாட்டம் எண்டிட்டம். எங்கட கிணறு அங்க. எங்கட அம்மாளாச்சி அங்க." பெரியவர் கையை விரித்தார். "ரேசனை நிப்பாட்டினாங்கள். அப்பவும் மாட்டம் எண்டிட்டம்."

கரிக்கு ஒதுக்கிய 500 ஏக்கர் ஒருபுறம் இருக்க, 2012இல் இன்னும் 818 ஏக்கரைக் கனரகக் கைத்தொழில் வலயமாக்கி ஒரு தனியார் கம்பனிக்குக் கொடுத்தார்கள். 2015இல் வந்த புதிய அரசு அந்த வர்த்தமானியை ரத்துச் செய்தது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016இல் சனங்களிடம் திரும்பி வந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு பெரியவர் தன் கிணற்றைப் பார்த்தார். "கிணத்துக்குள்ள ஒரு வேப்பமரம் வளந்து நிண்டது தம்பி. நான் வெட்டல்ல. முதல் நாள் அதுக்குக் கீழதான் படுத்தம்."

அதே 2016 செப்டம்பரில், சுற்றாடல் அமைப்பு ஒன்று போட்டிருந்த வழக்கில், சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. குடாவின் நீரை உறிஞ்சி, சூடாக்கித் திருப்பி விட்டால் மீனுக்கு என்ன ஆகும், சாம்பலை எங்கே கொட்டுவது என்ற கேள்விகளெல்லாம் அத்தோடு அடங்கின. எங்கள் ஆற்றில் அந்தக் கேள்விகளுக்கு விடை வந்துவிட்டது. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் இறால் தடவிப் பிடித்தவர்கள் இன்று சாம்பல் சேற்றுக்குள் தடவுகிறார்கள். இதைச் சொன்னபோது மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப உங்கட ஆக்களுக்கு வேலையாவது குடுத்தாங்களா?" என்றார்.

கேள்வி நேராக வந்தது. கொஞ்சம் பேருக்குக் கிடைத்தது என்றேன், பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியாக.

"இங்க அதுவும் இல்லை அண்ணன். என்ர மகன் கட்டாருக்குப் போய் மூண்டு வருசம். பக்கத்து வீட்டுப் பொடியனும் அங்கதான். கரி வேண்டாம் எண்டு நானும் ரோட்டில நிண்டனான். வேண்டாம் எண்டு சொன்னா வேற என்ன வேணும் எண்டு ஒருத்தரும் வந்து கேக்கல்ல."

பெரியவர் மகளை முறைத்தார். மகள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இருவர் சொன்னதும் சரி என்றுதான் பட்டது. வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று எழுதும்போது இந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கும் இரண்டு பேச்சை நாம் ஒன்றாக்கிவிடுகிறோம்.

2022 மார்ச்சில் நாடே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இருட்டில் கிடந்தபோது, சம்பூரில் கரி நிலையத்தை நிறுத்தியிராவிட்டால் இந்த நிலை வந்திருக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் அந்த வருடம் இலங்கையிடம் இல்லாமல் போனது டொலர். நுரைச்சோலையில் 900 மெகாவாட்டுக்கான கரிநிலையம் இருக்கிறது. அதற்கு எரிக்கும் கரி முழுதும் கப்பலில் வருவது. இன்னொரு நிலையம் இருந்திருந்தால் இன்னொரு கப்பலுக்கும் காசு தேடியிருப்பார்கள். வெயில் மட்டும்தான் கடனில்லாமல் வருகிறது.

அந்த வெயிலையும் இப்போது இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். கரிக்கு ஒதுக்கிய இடத்தில் அதே இரண்டு நாட்டு நிறுவனங்களின் கூட்டில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையம். 2025 ஏப்ரல் 5 அன்று மோடி கொழும்பிலிருந்தபடியே காணொளி வழியாக அடிக்கல் நாட்டினார். புகை இல்லை, சாம்பல் இல்லை, சுடுநீர் இல்லை. எண்ணூர்க்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா என்றுதான் நினைத்தேன்.

பெரியவர் வேலி ஓரமாகக் கூட்டிப்போய்க் காட்டினார். நிலம் காய்ந்து, வெள்ளையாக, வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் முன்பு மாடுகள் மேயுமாம், சேனைப் பயிர் போடுவார்களாம். எனக்குக் கமுதி ஞாபகம் வந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் 2016இல் முடிந்த சூரியப் பண்ணை: 648 மெகாவாட், 2,500 ஏக்கர். மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நாலு ஏக்கர். அந்தக் கணக்கில் 120 மெகாவாட்டுக்கு 460 ஏக்கர் வரும். கரியில் 500 மெகாவாட் எடுக்கக் கேட்ட நிலமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கரி காற்றைக் கெடுக்கும், கடலைக் கெடுக்கும், ஆனால் நிலத்தைக் குறைவாகத் தின்னும். வெயில் மற்ற எதையும் தொடாது, நிலத்தைத்தான் அள்ளும். மாடு வைத்திருப்பவனுக்கு வேலியின் நீளம்தான் தெரியும், வேலிக்குள்ளே கரியா கண்ணாடியா என்பது பெரிய வேறுபாடில்லை.

"கரி எண்டாங்கள். பிறகு காஸ் எண்டாங்கள். இப்ப வெயில் எண்டிறாங்கள்" என்றார் பெரியவர். "காணி மட்டும் அதே காணி."

கச்சேரி முன்

திரும்பும்போது இருட்டிவிட்டது. நகரத்துக்குள் வந்ததும் நானா கேட்காமலே மாவட்டச் செயலகத்தின் முன்னால் நிறுத்தினார். பழைய ஆட்கள் இன்னும் கச்சேரி என்றுதான் சொல்கிறார்கள். வீதியோரம் கொட்டகை போட்டு முத்துநகர் விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். 2025 செப்டம்பரில் தொடங்கிய போராட்டம். சீனன்குடாப் பக்கம் அவர்கள் தலைமுறையாக நெல் விதைத்த வயல், 1980களில் துறைமுக அதிகார சபைக்கென்று வர்த்தமானியில் போன நிலம். இப்போது சூரிய மின்சாரக் கம்பனிகளுக்கு விடப்பட்டிருக்கிறது. காலையில் எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டிக்கொண்டு வந்த அதே சாலையை ஒட்டித்தான் அந்த வயல்களும் இருந்திருக்கின்றன. நானா காலையில் அதைக் காட்டவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"என்ட மச்சான் காணியும் அதுக்குள்ள கிடக்கு. வந்த விருந்தாளிக்கு அதைக் காட்டி என்னத்துக்கு?"

கொட்டகைக்குள் ஒரு பாயில் இடம் கொடுத்தார்கள். வயதான அம்மா ஒருவர் கேற்றிலிலிருந்து தேத்தண்ணி ஊற்றினார். இந்தியா என்றதும் ஒரு நடுவயதுக்காரர் நகர்ந்து வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"உங்கட நாட்டில சோலாருக்குக் கீழ நெல்லு போடுறாங்களாமே, வீடியோவில பாத்தன். தகட்டை உசத்தி வச்சா கீழ விதைக்கலாமாம். உண்மையா தம்பி?"

சில இடங்களில் சோதனையாகச் செய்கிறார்கள், நெல்லைவிடக் காய்கறிதான் கூடுதலாகப் பேசப்படுகிறது, தகட்டை உயர்த்த இரும்புச் செலவு கூடும் என்று தெரிந்ததைச் சொன்னேன்.

"எவ்வளவு உசரம் வேணும்?"

அவர் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, உழவு மெசின் போகிற அளவு என்று காட்டினார். பக்கத்தில் இருந்தவர் அது போதாது, சூடு மிதிக்கிற மெசின் இன்னும் உயரம் என்றார். இருவரும் கொட்டகையின் கம்பத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு அளக்கத் தொடங்கினார்கள்.